கால் மாறி ஆடுதல்

மதுரையில் சொக்கநாதப் பெருமானைத் தரிசிக்கப் போகிறவர்களின் கண்ணும் மனமும் மூலஸ்தானத்தையே நாடி விரைந்துவிடுவதால், வழியில் வெள்ளியம்பலத்தில் எழுந்தருளியிருக்கும் நடராஜரின் திருவடியில் நேர்ந்திருக்கும் ஒரு மாற்றத்தை, நாள் தவறாமல் கோயிலுக்குப் போய்வரும் உள்ளூர்க்காரர்களிலேயே பலர் நின்று கவனித்ததில்லை. சிதம்பரம் முதலிய தலங்களில் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். இதற்குத் திருவிளையாடற் புராணம் ஒரு வரலாறு சொல்லுகிறது. அறுபத்துமூன்று கலைகளில் தேர்ந்த ராஜசேகர பாண்டியன், நாட்டியம் ஒன்றை மட்டும் இறைவனுக்கே உரியதென்று கல்லாமல் விட்டுவைத்திருந்தான். சோழனுக்கு அறுபத்துநான்கும் தெரியும், உம்முடைய அரசனுக்கு ஒன்று குறைவுதானே என்று சோழநாட்டிலிருந்து வந்த புலவன் ஒருவன் சொன்ன சொல் சுட்டுவிட, அதையும் கற்கத் தொடங்கினான். கற்கத் தொடங்கியபோதுதான் காலில் வலி கண்டது. சிறிது பொழுது ஆடுகிற எனக்கே இத்தனை வருத்தம் என்றால், ஓய்வில்லாமல் ஒரே காலை ஊன்றி ஆடிக்கொண்டிருக்கும் பெருமானுக்கு எவ்வளவு வருத்தம் இருக்கும் என்று உருகி, கால் மாற்றி ஆடியருள வேண்டும், இல்லையேல் உயிர் தரியேன் என்று உடைவாளை நட்டுவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கண்ணைத் திறந்தபோது பெருமான் கால் மாறியிருந்தான்.

தெய்வம் இரங்கிக் கால் மாற்றியதை அருளின் பெருமையாகக் கொண்டாடுவார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்ட இடம் வேறு. பாண்டியன் அதற்கு முன்பும் அதே மூர்த்தியை நாள்தோறும் கண்டு வணங்கியவன். கண்டு வணங்கிய அத்தனை நாளும் உதிக்காத அந்த இரக்கம், தன் கெண்டைக்காலில் நோவு கண்ட அன்றைக்குத்தான் உதித்தது. பார்வையால் வராத ஞானம் ஒன்று பட்டறிவால் வந்தது என்றுதானே இதற்குத் தாத்பரியம்? அப்படியானால், ஆடுவதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்குகிறவன் மேலான நிலைக்குப் போகிறான் என்று நம்முடைய வேதாந்த நூல்கள் நமக்குச் சொல்லிவந்திருப்பதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது?

இந்தக் கேள்வி எனக்கு நூலிலிருந்து வந்ததன்று. அரசரடிப் பக்கத்தில் ஒரு மைதானத்தில், விடிந்தும் விடியாத பொழுதில் சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்கும் முதியவர் ஒருவர் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். வாலிபத்தில் தம் இலாகா அணிக்காக 'ஹாஃப்' ஆடியவர். இன்றைய பிள்ளைகள் மிட்ஃபீல்டு என்றும், வானொலித் தமிழில் நடுக்களம் என்றும் சொல்லுகிற இடம். வலது முழங்காலில் ஒரு கிரேப் பாண்டேஜைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலின் பெருவிரலால் செம்மண்ணில் கோடு கிழித்துப் பையன்களை நிறுத்துவார். அவருக்குக் கோயில் குளம் என்று அதிகப் பற்றில்லை. நான் பேசும் தத்துவத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஒருநாள், அவர் ஆடிய காலத்தில் எத்தனை கோல் போட்டிருப்பார் என்று கேட்டேன். "சார், கோல் போட்டவன் பேரு பேப்பர்ல வரும். பந்து குடுத்தவன் பேரு குடுத்தவனுக்கும் வாங்குனவனுக்கும் தெரியும். வாங்குனவனுக்கு ராத்திரி வரைக்கும் ஞாபகம் இருக்கும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சைவ சித்தாந்திகளின் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வினை தன் பயனைத் தானே கொடுத்துக்கொள்ளும், இடையில் ஒருவர் தேவையில்லை என்று மீமாம்சகரும் சமணரும் தத்தம் வழியில் கூறுவார்கள். சித்தாந்தி ஒப்பமாட்டான். வினையோ ஜடம், தன்னைச் செய்தவன் இன்னான் என்று அறியும் அறிவு அதற்கு இல்லை. உயிரோ சிற்றறிவுடையது, தனக்கு வந்து சேரவேண்டியதைத் தானே எடுத்துக்கொள் என்று விட்டால் இன்பத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு துன்பத்தைத் தள்ளிவிடும். ஆகவே செயல், செய்கிறவன், பயன் என்னும் மூன்றோடு, அந்தப் பயனை உரிய இடத்தில் உரிய காலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் என்று நான்காவதாக ஒருவன் உண்டென்று கொள்ளாவிட்டால் கணக்கு நேராகாது என்பது அவன் வாதம். தெய்வத்துக்குச் சொன்ன லட்சணத்தை மைதானத்துக்கு இழுப்பது அபசாரம் என்று யாரேனும் கருதினால், விளையாட்டையே தன் தொழிலாகக் கொண்ட பெருமானின் ஊரில் இருந்து எழுதுகிறேன் என்பதுதான் என் சமாதானம். பந்து ஜடம். முன்னே நிற்கிறவனுக்குக் கோல் தெரியும், பின்னே நிற்கிறவனுக்கு ஆபத்துத் தெரியும். இரண்டையும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பிப் பார்த்து, பந்து யாரிடம் எந்த நொடியில் போய்ச் சேரவேண்டும் என்று தீர்மானிக்கிறவன் நடுக்களத்தில் நிற்கிறவன். பயன் தன் காலடியில் வந்து நின்றாலும் அது தனக்குரியதன்று என்று பழகிப்போன கால் அவனுடையது. பற்றற்ற கர்மம் என்பதைப் பற்றி நாம் பிரசங்கம் கேட்கிறோம். அவன் தொண்ணூறு நிமிஷம் அதை ஓடி ஓடிச் செய்கிறான், அதற்கு அந்தப் பெயர் உண்டென்பதே அறியாமல்.

ஆனால் அவனுக்கும் ஒருநாள் கால் ஓய்கிறது. அதற்குப் பிறகு?

முண்டகோபநிஷதத்தில் ஒரே மரத்தில் அமர்ந்திருக்கும் இரண்டு பறவைகளைப் பற்றிய உவமை வருகிறது. ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தின்னும் பறவை ஜீவன், பார்க்கும் பறவை சாட்சி. விளையாட்டிலிருந்து விலகிப் பயிற்சியாளராகிறவன் முதற்கிளையிலிருந்து இரண்டாங்கிளைக்குத் தாவிவிடுகிறான் என்று நான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த உவமையின் அழகு அப்படி எண்ணவைத்தது. ஒரு தோல்விக்குப் பிறகு நம் முதியவருக்கு ஆறுதலாக அதை எடுத்துரைக்கவும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோத்துட்டா பயலுக வீட்டுக்குப் போயி சாப்ட்டுட்டுத் தூங்கிருவாய்ங்க சார். நான் இங்கனதான் நிப்பேன். பாக்குற பறவைக்கு வயிறு எரியுமா என்ன?" என்றார். அன்றோடு அந்த உவமையை அவரிடம் எடுப்பதை விட்டேன்.

அவர் கேட்டதற்கு விடை தேடிக்கொண்டிருந்த காலத்தில் உலகறிந்த ஒருவருடைய வாழ்க்கை என் கவனத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் 1962-இல் பிறந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் நடுக்களத்தில் ஆடியவர். அமெரிக்காவுக்குப் போய்த் தொழில்முறையாக ஆடிக்கொண்டிருந்தபோது, முழங்காற்காயம் இருபத்தாறாவது வயதில் அவருடைய ஆட்டத்தை முடித்துவைத்தது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருடைய பெயர் அத்தோடு மறைந்துபோகும். அவரோ பயிற்சி அளிக்கும் தொழிலை மேற்கொண்டு, பிற ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் நாடாத தேசங்களாகத் தேடிப் போனார் என்று சொல்லும்படி, நேபாளம், மலாவி, சூடான், ருவாண்டா என்று சுற்றி, நம் நாட்டு அணியை 2002 முதல் 2005 வரை ஒருமுறையும், 2015 முதல் 2019 வரை மறுமுறையும் பழக்கினார். இரண்டாம் முறை அவர் வந்த புதிதில் இந்தியா உலகத் தரவரிசையில் 173-ஆவது இடத்துக்கு இறங்கிக் கிடந்தது. 2017 ஜூலையில் 96-ஆவது இடத்துக்கு ஏறிற்று. அந்த ஏற்றத்தில் அவர் ஒரு பந்தையும் உதைக்கவில்லை.

2019 ஜனவரியில் ஆசியக் கோப்பை. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்று நாடே துள்ளியது. அடுத்து அமீரகத்திடம் இரண்டு கோலில் தோல்வி. 14-ஆம் தேதி ஷார்ஜாவில் பஹ்ரைனுடன் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்தாலே அடுத்த சுற்று என்ற நிலை. தொண்ணூறு நிமிஷமும் கோல் விழவில்லை. காயம் முதலியவற்றுக்காகக் கூட்டித்தரும் சில நிமிஷங்களில், தம்முடைய பெனால்டிப் பரப்புக்குள் எதிரணிக்காரர் ஒருவரை வீழ்த்திவிட்டார் நம்மவர் ஒருவர். அவர் பிரணய் ஹால்தர், அன்றைய அணித்தலைவர், அவரும் நடுக்கள ஆட்டக்காரர். ஆட்டம் முழுதும் பந்தைப் பறிப்பதும் கொடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கால், ஒரு நொடி பிந்திப் போய்ப் பந்துக்குப் பதிலாக மனிதனைத் தொட்டது. பெனால்டி கோலாயிற்று, இந்தியா வெளியேறியது. ஆட்டம் முடிந்து சிறிது நேரத்துக்குள் கான்ஸ்டன்டைன் பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார்.

அவரைச் சிறந்த பயிற்சியாளர் என்போரும் உண்டு, அவருடைய ஆட்டமுறை அழகற்றது என்று கடைசிவரை குறை சொன்னோரும் உண்டு. அந்த வழக்கில் நான் நுழையவில்லை. என்னை நிறுத்தியது வேறு: தவறின கால் ஒருவருடையது, விலகினவர் வேறொருவர். இதை நியாயம் என்று சொல்வதா, அநியாயம் என்று சொல்வதா? வினை ஒருவனுடையது, பயன் மற்றொருவனுக்கு என்றால் சித்தாந்தியின் கணக்குப் புத்தகத்தில் அது எந்த ஏட்டில் ஏறும்? பயனைக் கருதாமல் செய் என்று கீதை சொல்லுகிற உபதேசம், வில் ஏந்திய அர்ஜுனனுக்குச் சொன்னது. வெற்றி வந்தாலும் அதை எனதென்று கொள்ளாதே என்றால் புரிகிறது. அதைக் கைவிடுவது அருமையானாலும் முயன்றால் இயலும், நடுக்களத்தில் நின்றவனுக்கோ அது பழகின காரியம். பழியை எப்படித் துறப்பது? நான் துறந்துவிட்டேன் என்று ஒருவன் சொன்னால் அதற்குப் பெயர் துறவு ஆகாது, தட்டிக்கழித்தல் என்று ஊரே சொல்லும். பயனைத் துறக்க ஆயிரம் வழி சொன்ன சாஸ்திரகாரர்கள் இந்த இடத்தில் ஏனோ மௌனமாகிவிட்டார்கள் என்று நான் சிலகாலம் கோபமாகவே இருந்தேன்.

சாஸ்திரத்தில் இல்லாதது கதையில் இருந்தது. தேரோட்டியாக வந்த கண்ணன், ஆயுதம் எடுப்பதில்லை என்று பிரதிக்ஞை செய்துகொண்டு வந்தவன். பார்க்கப்போனால் பாண்டவருடைய பயிற்சியாளன். கால்பந்து விதிகளில் பயிற்சியாளர் நிற்பதற்கென்று ஆடுகளத்தின் ஓரத்தில் ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள்: அவர்களுடைய ஆசனத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு மீட்டர், முன்பக்கம் பக்கக்கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளடங்கி. அதைத் தாண்டினால் நடுவர் எச்சரிப்பார், அட்டையும் காட்டுவார். பீஷ்மருடைய அம்புக்கு ஆற்றாமல் அர்ஜுனன் தளர்ந்தபோது, கண்ணனும் தன் கோட்டைத் தாண்டித் தேரிலிருந்து குதித்துச் சக்கரத்தோடு பாய்ந்தான் என்று பாரதம் சொல்லுகிறது. கடைசி நிமிஷத்தில் கோட்டோரத்துக்கு ஓடிவந்து கையை வீசிக் கத்தும் எந்தப் பயிற்சியாளரைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கட்டம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பகவானுக்கே சாட்சியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை!

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளின் உற்சவத் திருமுகத்தில் பீஷ்மருடைய அம்பு பட்ட வடுக்கள் உள்ளன என்று காட்டுவார்கள். வில்லேந்தியவனுக்குப் பட்ட காயத்தைக் காட்டுவதற்கு ஒரு கோயில் இல்லை. வில் ஏந்தாமல் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குப் பட்ட காயத்தைத்தான் நாம் தீபம் காட்டிச் சேவிக்கிறோம். போர் முடிந்த பிறகு நடந்ததோ இதனினும் கடுமை. நூறு பிள்ளைகளையும் இழந்த காந்தாரி களத்தில் வந்து நின்றபோது, துரியோதனனின் தொடையை முறித்த பீமன் எதிரிலேயே நிற்கிறான். ஆனால் அவளுடைய சாபம் போய் விழுந்தது ஆயுதம் எடாத கண்ணன் மேல். நீ நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்பது அவள் சொன்ன குற்றம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஒவ்வொரு பயிற்சியாளர் மீதும் ஊர் சுமத்துகிற குற்றமும் இதுவேதான். அந்தச் சாபத்துக்குக் கண்ணன், நான் கர்த்தா அல்லேன் என்று தன் உபதேசத்தையே அவளிடம் திருப்பிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். பதினெட்டு அத்தியாயம் பேசினவன் அந்த இடத்தில் அதைத் துணைக்கு அழைக்காமல் சாபத்தை ஏற்றுக்கொண்டதை, கீதைக்கு அவனே எழுதின வியாக்கியானமாக நான் வாசிக்கிறேன். ஆசாரியர்கள் இதற்கு உடன்படுவார்களோ என்னவோ.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, வீட்டுக்கொருவர் வந்து கரை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத கிழவி வந்திக்குக் கூலியாளாகச் சிவபெருமானே வந்தான். ஆரப்பாளையத்தை அடுத்த புட்டுத்தோப்பில் ஆவணி மூலத்தன்று இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அங்கே எழுந்தருளும் நாளில் மதுரைக்காரர்களுக்குப் புட்டு வாயில் இனிக்கும். கதையின் கடைசிப் பகுதியை எல்லோரும் சொல்லுவார்கள்: வேலை செய்யாமல் ஆடிப்பாடிக்கொண்டிருந்த கூலியாளை அரசன் பிரம்பால் அடித்தான், அந்த அடி அடித்த அரசன் முதுகிலும் அங்கிருந்த எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. முதற்பகுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தக் கூலியாள் உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கி, முதலிலேயே தின்றுவிட்டுத்தான் கரைக்குப் போகிறான். வேலைக்கு முன் பயன்! நிஷ்காம கர்மத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டதுபோல இருக்கிறது. பயனைத் தொடாதே என்பது ஒரு மார்க்கம்; பயனை வெட்கமில்லாமல் வாங்கித் தின்றுவிட்டு, அதற்கு ஈடாக, வரப்போகும் அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது வேறொரு மார்க்கம். தொழில்முறைப் பயிற்சியாளர் நிற்பது இந்த இரண்டாவதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சம்பளம் வாங்குகிறார், சீசன் தொடங்குமுன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்குகிறார். துறவியின் பாஷை அவருக்குப் பொருந்தாது. வேலை என்று பிறர் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றையும் ஆட்ட நேரத்தில் அவர் செய்வதில்லை. கரை உடைந்தால் பிரம்பு மட்டும் அவரை நேராகத் தேடி வரும்.

மைதானத்துப் பிரம்பு ஒருவர் முதுகோடு நின்றுவிடுகிறது என்றுதான் நான் முதலில் வித்தியாசம் கண்டேன். ஷார்ஜாவில் விலகல் அறிவிப்பைக் கேட்ட ஹால்தரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்த பிறகு அந்த வித்தியாசமும் எனக்கு நிச்சயமாக இல்லை.

பயன் வந்தும் அனுபவிக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றபோதும், 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோதும் அணியைப் பழக்கியவர். ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்ற அந்தக் கடைசித் தங்கத்தின்போது புற்றுநோய் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். அவரிடம் பயின்று 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியில் இருந்த நம் தமிழர் சைமன் சுந்தரராஜ், பின்னாளில் பயிற்சியாளராகி, 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியை நடத்தியவர். எர்ணாகுளத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்தின மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. கேரளத்தில் இன்றும் கிழவர்கள் மணியின் பெயரைச் சொல்லிக் கண் கலங்குவார்கள், அது நியாயமே. அந்த மூன்று கோலும் எந்த வாயிலிருந்து எந்தக் காலுக்குப் போய்ச் சேர்ந்தன என்று கேட்டால், ரஹீமிடமிருந்து சைமனுக்கு, சைமனிடமிருந்து எர்ணாகுளத்துக்கு என்று ஒரு வம்சாவளி சொல்லலாம். குரு பரம்பரை என்று மடங்களில் எழுதிவைப்பதற்கும் இதற்கும் நான் பெரிய பேதம் காணவில்லை, இங்கே பட்டோலை எழுதி வைப்பார் இல்லை என்பதைத் தவிர. எழுதி வைக்காத குறை எங்கள் ஊரிலும் உண்டு: மதுரையின் சேது அணிப் பெண்கள் 2019-இல் லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். இத்தனை பெரிய காரியத்துக்கு இந்த ஊரில் நியாயமாக வாணவேடிக்கை விட்டிருக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் ஒரு பங்குகூட ஆரவாரம் காணோம் என்பது என் சொந்த மனத்தாங்கல்.

ஆக, பாண்டியனுடைய கெண்டைக்கால் நோவுக்கே மறுபடி வந்து நிற்கிறேன். ஆட்டத்தை விட்டவனுக்கு என்ன மிஞ்சுகிறது? கோல் மிஞ்சவில்லை, அது எப்போதும் பிறருடையது. புகழும் மிஞ்சவில்லை. பழி மட்டும் கூடியிருக்கிறது. மிஞ்சியிருப்பது அந்த வலியின் ஞாபகம் ஒன்றுதான். இருபத்தாறு வயதில் முழங்கால் போனவனுக்கு, எந்தப் பையனுடைய ஓட்டத்தில் எங்கே நொடிப்பு இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். எலும்பு மருத்துவருக்கும் தெரியும், ஆனால் மருத்துவருக்கு எலும்பில் தெரியும், இவனுக்குத் தன் காலில் தெரியும். சாட்சி என்று வேதாந்தம் சொல்வது எதனாலும் தொடப்படாத அறிவை. பயிற்சியாளனுடைய அறிவு தொட்டுப் புண்ணான இடத்திலிருந்து ஊறுவது. அதைச் சாட்சி நிலைக்குக் கீழான படி என்று சாஸ்திரிகள் வைப்பதானால் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் படியில் நின்ற ஒருவனுடைய வேண்டுகோளுக்காகத்தான் வெள்ளியம்பலத்தில் பெருமான் கால் மாறியிருக்கிறான். சாட்சியாக நின்ற ரிஷிகள் யாரும் அவனை மாறச் சொல்லியதாகக் கதை இல்லை.

இதை எழுதத் தூண்டியது சென்ற மாதம் நடந்த ஒரு சின்னக் காரியம். விடியற்காலையில் மைதானத்துப் பக்கம் போயிருந்தேன். பதின்மூன்று வயது இருக்கும், ஒரு பையன் வலக்கால் மட்டுமே உள்ளவன்போல ஆடிக்கொண்டிருந்தான். பந்து இடப்பக்கம் வந்தால் உடம்பையே சுற்றிக்கொண்டு வலக்காலுக்குக் கொண்டுவந்து உதைப்பான், அதற்குள் எதிரே நின்றவன் பறித்துவிடுவான். முதியவர் விசில் ஊதி அவனைக் கூப்பிட்டார். "டேய் தம்பி, வலது பூட்ஸக் கழட்டு" என்றார். பையன் விழித்தான். "கழட்டுடா. வெறுங்கால்ல ஒதைச்சா வெரலு பேந்துரும். இடது கால்ல மட்டும் பூட்ஸு. இன்னிக்குப் பூரா அப்படியே ஆடு."

மற்றப் பையன்கள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். அவன் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் மண்ணுமாக விந்தி விந்தி ஓடி, இடக்காலால் உதைத்ததும் பந்து கோணிக்கொண்டு சுவரோரத்து வேப்பமரத்துக்குப் போயிற்று. இரண்டாம் முறை உதைக்கப் போய்த் தானே விழுந்தான். மூன்றாம் முறையும் அவ்வாறே. எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு அவரைப் பார்த்தான். போதும் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்திருப்பான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கவே சங்கடமாக இருந்தது, இத்தனை சிறுபிள்ளையை இப்படி வதைக்க வேண்டுமா என்று. ஏதோ சொல்ல வாயெடுத்து அவரைத் திரும்பிப் பார்த்தபோதுதான், பாண்டேஜ் சுற்றிய வலக்காலில் தம் உடம்பின் பாரம் முழுவதையும் ஊன்றியிருக்கிறார் என்பதைக் கண்டேன். அந்தக் காலில் அவர் அப்படி நிற்பது வழக்கமில்லை, நிற்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதாக அவரே என்னிடம் கூறியிருக்கிறார். எதிரே பையன் நான்காம் முறை பந்தை நோக்கி அடியெடுத்து வைத்தான். இவருடைய இடக்கால் தரையிலிருந்து இரண்டங்குலம் மேலே எழுந்து, அவனோடு சேர்ந்து காற்றை உதைத்தது.